வெயிலில் வைத்த வில்லை

"பதவி: தூய்மை உதவியாளர், நிலை இரண்டு. பணியிடம்: ஒளி அளவுக் கருவிகள் சோதனைக்கூடம். தொழில்நுட்பக் கல்வி: இல்லை, தேவையும் இல்லை. கருவிகளுடன் தொடர்பு: இல்லை."

பணிப் பதிவேட்டின் மூன்றாம் பக்கத்தில் அவரைப் பற்றி இவ்வளவுதான் இருக்கிறது. எழுதியவர் நல்ல கையெழுத்துக்காரர். காலை எட்டு மணிக்கு முன் அந்தக் கூடத்துக்குள் ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர். பார்த்திருந்தால் கடைசி வரியில் பேனா கொஞ்சம் தயங்கியிருக்கும். அங்கே அந்தத் தூய்மை உதவியாளரின் கை படாத கருவி என்று ஒன்று இருந்தால் அது சுவரில் மாட்டிய தீயணைப்பான்தான். அதையும் வெள்ளிக்கிழமைகளில் துடைத்துவிடுவார்.

கூடத்தில் அவருக்கு வெயிலக்கா என்று பெயர். காரணம் எளிது. ஆறரை மணிக்கு வந்து, தரையைத் துடைத்து முடித்ததும், இரும்பு அலமாரியைத் திறந்து சோதனை வில்லைகள் இருக்கும் பெட்டியை எடுப்பார். ஒவ்வொரு வில்லையும் கைக்கடிகார முகத்தின் அளவில், உலோக வளையத்துக்குள் பதித்திருக்கும். ஒவ்வொன்றின் நிறமும் அடர்த்தியும் முன்பே அளந்து முத்திரையிட்டவை. மெல்லிய துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, கிழக்குப் பார்த்த ஜன்னல் கட்டையில் வரிசையாக வைப்பார். அரை மணி நேரம் வெயில் காயும். பிறகு பழையபடி பெட்டிக்குள்.

"அக்கா துணி காயப் போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் மற்றவர்கள் உள்ளே வருவார்கள்.

அவருக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் காலத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கப் பெட்டியைத் திறக்காமல் விட்டதில் ஆறு கண்ணாடிகளைப் பூஞ்சை தின்றுவிட்டது. அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெயிலக்கா சேர்ந்த முதல் வாரத்தில் பொறியாளர் போகிறபோக்கில் சொன்னார்: "வெயில் பட்டா பூஞ்சை வராதுக்கா." சொன்னவர் அன்றே மறந்துவிட்டார். கேட்டவர் ஒன்பது வருடம் மறக்கவில்லை.

கூடத்தின் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், பார்க்கிற கருவிகள் சரியாகப் பார்க்கின்றனவா என்று பார்ப்பது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் அளக்கும் கருவி, சாயப் பட்டறையில் நிறம் அளக்கும் கருவி, தெருவிளக்கின் வெளிச்சம் அளக்கும் கருவி, எல்லாம் வருடம் ஒருமுறை இங்கே வரும். பொறியாளர் அதை வில்லையின்மேல் வைப்பார். வில்லையின் பெட்டியில் எழுதிய எண்ணும் கருவி காட்டும் எண்ணும் ஒத்துப்போனால் ஒரு முத்திரை. ஒத்துப்போகாவிட்டால், ஒரு சின்னத் திருகாணியைத் திருப்பி ஒத்துப்போகவைத்து, பிறகு ஒரு முத்திரை. பொறியாளருக்கு முத்திரை என்றால் உயிர். மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கும் ஒன்று ஒட்டினால் நிம்மதியாகச் சாப்பிடுவார் என்று பேசிக்கொள்வார்கள். அவருக்குப் பெயர் முத்திரை சார்.

முப்பத்தெட்டு மருத்துவமனைகளிலிருந்து வருவது காமாலை மானி. தடித்த டார்ச் விளக்கு மாதிரி இருப்பதால் எல்லோருக்கும் அது டார்ச். பிறந்த குழந்தையின் நெற்றியில் வைத்து அழுத்தினால் பளிச்சென்று ஒளி விடும். தோலிலிருந்து திரும்பி வரும் ஒளியில் மஞ்சள் எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். பன்னிரண்டுக்குக் கீழே என்றால் குழந்தை வீட்டுக்குப் போகலாம். பதினைந்தைத் தொட்டால் நீல விளக்கின் கீழே படுக்கவைக்க வேண்டும். இந்த டார்ச்சுகளைச் சோதிக்க மஞ்சள் வில்லை ஒன்று ஆறு வருடத்துக்கு முன்பு வந்தது. பெட்டியில் எழுதிய எண் பதினைந்து. சரக்குப் பதிவேட்டில் "கண்ணாடி வில்லை, மஞ்சள், ஒன்று" என்று பதிந்திருந்தது. அது கண்ணாடி அல்ல, பிசின். பிளாஸ்டிக்கின் உயர்ந்த சாதி என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் பதிவேட்டில் அதற்கு முன்னால் இருந்த எட்டு வரியிலும் கண்ணாடி என்றே இருந்தது. ஒன்பதாவது வரியில் வேறு வார்த்தை எழுத எழுத்தருக்கு மனம் வரவில்லை. கண்ணாடிக்கு மறுசோதனை பத்து வருடத்துக்கு ஒருமுறை. பிசினுக்கு ஒவ்வொரு வருடமும். அந்த ஒரு வார்த்தையால் எல்லோருக்கும் வேலை மிச்சம்.

வெயிலக்காவின் வீடு சோதனைக்கூடத்திலிருந்து இரண்டு பஸ் தூரம். இரண்டு அறை, ஒரு சமையலறை, மூன்று பேர். மகன் பஸ் பணிமனையில் மெக்கானிக். வீட்டில் இருக்கும்போதும் இல்லாத மாதிரியே இருக்கத் தெரிந்தவன். மருமகள் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் நர்ஸ். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே ஐந்து வருடமாக நடந்துவந்த யுத்தம் சுத்தத்தைப் பற்றியது.

"நீ கழுவின டம்ளரை நான் இன்னொரு தடவ கழுவணும்னா, எதுக்கு நீ கழுவுற?"

"நீங்க எப்படியும் கழுவப் போறீங்கன்னுதான் அத்தை, நான் சும்மா நனைச்சு வெக்கிறேன்."

"ஆஸ்பத்திரிலயும் இப்படித்தான் நனைச்சு வெப்பியா?"

"அங்க மாமியார் இல்ல. அதனால ஒழுங்கா கழுவுவேன்."

மகன் இந்த நேரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போவான்.

அந்த வருடம் மழை ஓய்ந்த வாரத்தில், மருமகள் வீட்டுக்கு அனுப்பிவைத்த ஒரு குழந்தை மூன்றாம் நாள் திரும்பி வந்தது. முதுகு வில்லாக வளைந்திருந்தது. பால் குடிக்கவில்லை, அழக்கூட இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இருபத்தொன்பது. அன்று மாலையே இறந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பிய காலையில் மருமகள் கையெழுத்தில் அட்டையில் இருந்த எண்: பதினொன்று புள்ளி இரண்டு.

விசாரணைக் குழுவில் இருந்த பெரிய டாக்டர் கணக்குப் போட்டார். மூன்றாம் நாள் இருபத்தொன்பது என்றால் அனுப்பிய அன்று பதினைந்துக்குக் குறைந்திருக்க வழியில்லை. ஆக, இரண்டில் ஒன்று: டார்ச் தப்பு, அல்லது நர்ஸ் டார்ச்சை வைத்தே பார்க்காமல் மனதுக்கு வந்த எண்ணை எழுதிவிட்டாள். டார்ச்சைத் துணிப்பையில் போட்டு, அரக்கு வைத்து, சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

பொறியாளர் அரக்கை உடைத்து டார்ச்சை மஞ்சள் வில்லையின்மேல் வைத்தபோது வெயிலக்கா அதே அறையில் மேஜைக்கடியில் துடைத்துக்கொண்டிருந்தார். பளிச். மேலே பொறியாளர் சொல்வது கேட்டது.

"பதினஞ்சு. பத்து தடவ பாத்துட்டேன், பத்து தடவையும் பதினஞ்சு. டார்ச் பத்தரைமாத்துத் தங்கம்."

அன்று மாலை வீட்டுக்கு வந்து வெயிலக்கா பையைக்கூட இறக்கிவைக்காமல் சொன்னார்: "மெஷின் சரியாத்தான் இருக்காம்."

மருமகள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அவளைப் பணியிலிருந்து நிறுத்திவைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. போலீசில் புகாரும் பதிவாகியிருந்தது. மூன்று வாரத்தில் விசாரணை. பார்க்காத அளவைப் பார்த்ததாக எழுதினாள் என்று முடிவானால் நர்ஸ் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், அப்புறம் சிறை.

"அப்ப நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா அத்தை?"

"நான் எதுவும் சொல்லல. மெஷின் சொல்லுது."

"நெத்தியில வெச்சேன், நெஞ்சுல வெச்சேன். ரெண்டு தடவையும் பதினொண்ணு." அவள் குரல் ஏறவில்லை. "அந்தக் கொழந்த மஞ்சளா இருந்துச்சு அத்தை. கண்ணுக்கே தெரிஞ்சுது. எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா கண்ணை நம்பாதே, மெஷினை நம்புன்னு சொல்லிச் சொல்லித்தானே ட்ரெயினிங் குடுத்தாங்க. நம்பினேன்."

வெயிலக்காவுக்குப் பதில் இருந்தது. ஐந்து வருடமாகச் சேர்த்துவைத்த பதில்கள் எத்தனையோ இருந்தன. அன்று அவற்றை விட்டுவிட்டுப் பையை இறக்கிவைத்தார். பார்க்காமல் எழுதுகிறவள் குழந்தை மஞ்சளாக இருந்ததை எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்? டம்ளரை ஒழுங்காகக் கழுவாதவள்தான். ஆனால் கழுவவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள். பொய் சொல்லும் அளவுக்கு அவளுக்குப் பொறுமை கிடையாது என்பது மாமியாரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

மறுநாள் காலை வெயிலக்கா பின்னறைக்குப் போனார். அங்கே கழித்துக்கட்டிய கருவிகளின் அடுக்கில் சிவப்பு அட்டை தொங்கும் டார்ச் ஒன்று கிடந்தது. ஏதோ ஒரு மருத்துவமனையில் பெட்டி பிரிக்காமலே வருடக்கணக்காகக் கிடந்து, போன வருடம்தான் முதல்முறையாகச் சோதனைக்கு வந்தது. மஞ்சள் வில்லையில் வைத்தால் பத்தொன்பது காட்டியது. நான்கு எண் வித்தியாசத்துக்குத் திருகாணியைத் திருப்ப விதி இடம் கொடுக்கவில்லை. "பழுது: கூடுதலாகக் காட்டுகிறது" என்று எழுதி ஒதுக்கிவிட்டார்கள். வாராவாரம் அதையும் துடைப்பது அவர்தான்.

மதியத்துக்குக் கொண்டுவந்த வாழைப்பழத்தை எடுத்து, அதன் தோலில் இதையும் மருமகளின் மருத்துவமனையிலிருந்து வந்த டார்ச்சையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். நல்ல டார்ச் பதினாறு என்றது. கெட்ட டார்ச் இருபது என்றது. அதனால் ஒன்றும் விளங்கிவிடவில்லை. இரண்டு சாட்சி இரண்டு விதமாகச் சொன்னால் யாரோ ஒருவர் பொய்யர் என்பது மட்டுமே தெரியும். நீதிமன்றங்கள் அதனால்தான் அத்தனை வருடம் நடக்கின்றன. ஆனால் ஒன்று உறுத்தியது. நல்லவை என்று முத்திரை வாங்கிய முப்பத்தெட்டும் வருடாவருடம் இந்த மேஜைக்கு வந்து, வருடாவருடம் ஒரு பொட்டுத் திருகாணி திருப்பப்பட்டவை. "சிறு திருத்தம்" என்று பொறியாளர் எழுதுவார். ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு டார்ச்சுக்கும், ஒரே பக்கமாக. யாரும் திருகாணி தொடாத டார்ச் இது ஒன்றுதான்.

அப்படியானால் கேட்க வேண்டியது டார்ச்சை அல்ல, வில்லையை. வில்லையைச் சோதிப்பது யார்?

ஒரு காலத்தில் அதற்கும் வழி இருந்தது. வில்லை வந்த புதிதில் பொறியாளர் ஒரு மஞ்சள் உப்பை எடை போட்டுத் தண்ணீரில் கரைத்து, இரண்டு மில்லிமீட்டர் ஆழமுள்ள கண்ணாடிக் கலத்தில் ஊற்றி, வெள்ளைத் தகட்டின்மேல் வைத்து வில்லையோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே மஞ்சள் என்று எழுதிவைத்திருந்தார். "வில்லைக்கு வயசாகும். இந்தத் தண்ணிக்கு வயசே கெடையாது, காலைலதான் பொறந்துச்சு" என்று அன்று அவர் பெருமையாகச் சொன்னது வெயிலக்காவுக்கு நினைவிருந்தது. அந்தக் கலம் மறு வருடமே யார் கையிலோ உடைந்தது. புதிது கேட்டு எழுதிய கோப்பு இன்னும் எங்கேயோ பயணத்தில் இருக்கிறது. அதோடு ஒப்பீடும் நின்றுபோனது.

விடை கழுவுதொட்டியில் கிடைத்தது. செவ்வாய்க்கிழமைகளில் பொறியாளர் வேறொரு கருவிக்காக அதே உப்பை அதே அளவில் கரைப்பார். மிச்சத்தைக் கழிவுப் புட்டியில் கொட்டுவது வெயிலக்கா. அந்தச் செவ்வாய்க்கிழமை தொட்டியில் இரண்டு கண்ணாடிச் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஒரு ஓரம் ஒட்டியிருந்தது, மறு ஓரம் விலகியிருந்தது. நடுவே மஞ்சள் நீர் நின்றது. ஒட்டிய ஓரத்தில் நிறமே இல்லை. விலகிய பக்கம் போகப் போக இளமஞ்சள், மஞ்சள், ஆரஞ்சை எட்டும் மஞ்சள். அவர் ஈரக் கையோடு அதைப் பார்த்தபடி நின்றார். இரண்டு மில்லிமீட்டர் கலம் எதற்கு? இதற்குள்ளேயே எல்லா ஆழமும் இருக்கிறதே.

மீன்தொட்டி ஒட்டும் பசை வாங்கினார். ஒரு ஓரத்தைச் சேர்த்து, மறு ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு கொடுத்து, இரண்டு கண்ணாடிப் பட்டைகளை ஒட்டினார். நீளவாக்கில் ஒரு அளவுகோலைப் பதித்தார். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று அளவுகோலே சொல்லிவிடும். முதல் இரண்டும் ஒழுகின. மூன்றாவது நின்றது. காலையில் மற்றவர்கள் வருவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில், ஐந்து நாளில், பதிவேட்டின்படி கருவிகளுடன் தொடர்பில்லாத ஒருவர் செய்தது இது.

"சார், ஒரு நிமிஷம்."

"சீக்கிரம் சொல்லுக்கா, நாப்பது சீல் ஒட்டணும்."

"வில்லைல டார்ச் என்ன காட்டுதோ, அதே நம்பர் வர்ற வரைக்கும் இதை நகத்திப் பாருங்க."

பொறியாளர் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். வெள்ளைத் தகட்டின்மேல் அந்தச் சாய்வுக் கலத்தை வைத்து, புதிதாகத் தானே கரைத்த நீரை ஊற்றி, நகர்த்தி நகர்த்தி அழுத்தினார். பதினைந்து வந்த இடத்தில் அளவுகோலைப் பார்த்தார். சிரிப்பு கழன்றது.

"ரெண்டரை."

"வில்லை வந்த புதுசுல ஃபாரத்துல ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க. பழைய கட்டுல கீழேர்ந்து மூணாவது."

"டார்ச் தப்பா இருக்கலாம்."

"இருந்துட்டுப் போகட்டும் சார். பொய் சொல்றவன் ரெண்டு பேரைப் பாத்து ஒரே பொய்யைச் சொன்னா, அந்த ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்காங்கன்னுதானே அர்த்தம்? நமக்கு அவ்வளவுதான் வேணும். கெட்ட டார்ச்சை வெச்சும் பாருங்க."

சிவப்பு அட்டை டார்ச் வில்லையில் பத்தொன்பது காட்டியது. சாய்வுக் கலத்தில் பத்தொன்பது வந்த இடமும் இரண்டரைதான்.

பொறியாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். "கண்ணாடி எப்படி மாறும்? கண்ணாடி மாறாது. ரெண்டு ஒடஞ்ச சில்லைக் காட்டி முத்திரை வெச்ச வில்லையைத் தப்புன்னு நான் எழுதவா?"

வெயிலக்கா வில்லையைக் கையில் எடுத்தார். ஆறு வருடமாகத் தினமும் எடுத்த வில்லை. உலோக வளையத்தின் மூன்று திருகாணிகள்மேல் பொறியாளரின் முத்திரைத் தாள் ஒட்டியிருந்தது. நகத்தால் அதைக் கிழித்தார்.

"அக்கா, அது சீல்."

"தெரியும் சார்."

வளையம் கழன்றது. நடுவில் வில்லை பழைய செய்தித்தாளின் நிறத்தில் இருந்தது. வளையத்துக்கு அடியில் மறைந்திருந்த விளிம்பு மட்டும் புதிதாக, வெளிறிய மஞ்சளாக, சுற்றிலும் ஒரு நூல்போல் இருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றினால் மணிக்கட்டில் தெரிகிற பட்டை மாதிரி. வெயில் பட்ட இடமும் படாத இடமும். பார்க்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"வெயில் பட்டா பூஞ்சை வராதுன்னு சொன்னது நீங்கதான் சார்."

"அது கண்ணாடிக்குச் சொன்னது."

"இதுவும் கண்ணாடின்னுதானே ரெஜிஸ்டர்ல இருக்கு?"

பொறியாளர் கழன்ற முத்திரைத் தாளை எடுத்து, மேஜையில் வைத்து, விரலால் நீவி நேராக்கிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் அறையில் விஷயம் வேறு மாதிரி போனது. அவர் கெட்டவர் அல்ல. ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தவர். பதிவேட்டை வரவழைத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார்.

"இங்க பாரும்மா. கருவிகளோட உனக்குத் தொடர்பே இல்ல. அப்ப நீ வில்லையை வெயில்ல வெச்சிருக்க முடியாது. வெக்காததுக்கு யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க. நல்லதுதானே?"

"நான் வெச்சேன் சார்."

"அப்படிச் சொன்னா, தொடக் கூடாததைத் தொட்டேன்னு ஆகும். சீலை உடச்சேன்னும் ஆகும். வேலை போயிடும். சொல்லாட்டி ஒண்ணும் ஆகாது. வில்லையை மெதுவா மாத்திக்கலாம்."

"சொல்லாட்டி என் மருமக ஜெயிலுக்குப் போவா சார்."

"அது வேற டிபார்ட்மெண்ட்" என்றார் இயக்குநர். அவர் அதைக் கல்நெஞ்சோடு சொல்லவில்லை. உண்மையாகவே வேறு துறைதான்.

அன்று வீட்டில் மருமகளிடம் முழுவதையும் சொன்னார்: வெயிலில் வில்லைக்கு மஞ்சள் ஏறியதையும், ஏறிய வில்லையிலும் பதினைந்தே வரட்டும் என்று டார்ச்சுகளை வருடாவருடம் குறைத்துக் காட்டத் திருப்பியதையும். எதையும் குறைக்கவில்லை, சுத்தமாகச் சொன்னார். மருமகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஐந்து வருடத்துக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. கொடுக்கவில்லை.

"எத்தனை ஆஸ்பத்திரிக்கு அத்தை இங்கேர்ந்து போகுது?"

"முப்பத்தெட்டு."

"எங்க வார்டுல மட்டும் மாசம் எரநூறு கொழந்த" என்றாள் அவள். அதற்கு மேல் பெருக்கவில்லை. மாமியாரும் பெருக்கவில்லை. மகன் அன்று செருப்பைத் தேடவில்லை. கதவருகே நின்றே இருந்தான்.

விசாரணை நாளன்று அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அதன் ஒரு கோடியில் இளைஞன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும். இரண்டுக்கும் நடுவே ஆறு நாள். மறு கோடியில் வெயிலக்கா, துணியில் சுற்றிய சாய்வுக் கலத்தோடு.

"நீங்க யாரு?" என்று அவன்தான் கேட்டான்.

"தொடைக்கிறவ. அந்த டார்ச்சை டெஸ்ட் பண்ற எடத்துல."

"டார்ச் சரியா இருந்துச்சாமே."

"இல்லப்பா. சரியா இல்ல. அதைச் சரி பாக்குற வில்லை கெட்டுப்போயிருந்துச்சு. அதைத் தெனம் வெயில்ல வெச்சு நான்தான் கெடுத்தேன். தெரியாமத்தான். ஆனா நான்தான்."

அவன் மடியிலிருந்த உறையைக் கவிழ்த்து வைத்தான்.

"எதுக்கு வெச்சீங்க?"

"பூஞ்சை புடிக்கக் கூடாதுன்னு."

"புடிக்கலையா?"

"புடிக்கல."

"நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்க" என்றான். அதில் கோபம் இருந்ததா என்று அவரால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. எதைக்கொண்டு அளப்பது?

உள்ளே அவர்கள் கேட்ட முதல் கேள்வி, கருவிகளுடன் தொடர்பில்லாத ஒருவர் கருவிகளைப் பற்றி எப்படிச் சாட்சி சொல்ல முடியும் என்பது. அவரை நம்ப வேண்டுமானால் அவர் விதியை மீறியவர் என்று முதலில் ஏற்க வேண்டும். அவரே அதை எளிதாக்கினார். ஒன்பது வருடம், ஞாயிறு தவிர, காலை ஏழிலிருந்து ஏழரை வரை, கிழக்கு ஜன்னல் என்று வரிசையாகச் சொன்னார். கலத்தைப் பிரித்துக் காட்டினார். வளையம் கழற்றிய வில்லை கைமாறிக் கைமாறிப் போனது. பெரிய டாக்டர் அந்த வெளிறிய விளிம்பைப் பார்த்ததும் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். பொறியாளரைக் கேட்டார்கள். அவர் எழுந்து நின்று, "அந்த அம்மா சொல்றது சரி. வெயில்ல வெக்கச் சொன்னது நான்" என்றார். அவர் வாழ்நாளில் முத்திரையில்லாமல் கொடுத்த சான்று அது ஒன்றுதான்.

முடிவு இரண்டு மாதத்தில் வந்தது. மருமகள் அளவைப் பார்த்துத்தான் எழுதினாள் என்று ஏற்றுக்கொண்டார்கள். போலீஸ் புகார் முடிந்தது. ஆனால், குழந்தை மஞ்சளாக இருப்பதைக் கண்ணால் கண்டும் கருவியை நம்பியது கவனக்குறைவு என்று ஒரு வரி சேர்த்து, அவளைக் குழந்தைகள் பிரிவிலிருந்து மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். கண்ணை நம்பாதே என்று பயிற்சி கொடுத்தவர்கள் பெயர் எதிலும் இல்லை. பொறியாளரை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். பதிவேட்டில் கண்ணாடி என்று எழுதிய எழுத்தர் அதற்குள் பதவி உயர்வில் போயிருந்தார். முப்பத்தெட்டு டார்ச்சுகளையும் திரும்ப அழைத்துத் திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்பினார்கள். அந்த ஆறு வருடத்தில் எத்தனை குழந்தைகள் தவறான எண்ணோடு வீட்டுக்குப் போயின என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. அது வேறு துறை.

வெயிலக்காவைப் பணியிலிருந்து நீக்கினார்கள். காரணம்: அனுமதியின்றிக் கருவிகளைத் தொட்டது, முத்திரையை உடைத்தது.

சாய்வுக் கலம் கூடத்திலேயே தங்கிவிட்டது. அடுத்த வருடம் அதன் படம், அளவுகளோடு, சுற்றறிக்கையாக எல்லாச் சோதனைக்கூடங்களுக்கும் போனது. "வடிவமைப்பு: இத்துறை" என்று கீழே போட்டிருந்தது. வில்லைகளைச் சோதிக்க இப்போது எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மருமகள் அந்தச் சுற்றறிக்கையின் நகல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெயிலக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "பசை வெளிய வழிஞ்சிருக்கு, தொடைக்காம விட்டிருக்காங்க" என்றார். பிறகு அதை மடித்து, ஜன்னலுக்கு எட்டாத அலமாரியில் வைத்தார்.

அவர் செய்தது இது. ஒரு மஞ்சள் வில்லையை ஆறு வருடம் தினமும் அரை மணி நேரம் வெயிலில் வைத்தார். அதனால் முப்பத்தெட்டு மருத்துவமனைகளின் கருவிகள் நோயைக் குறைத்துக் காட்டின. எண்ணிப் பார்த்தவரை ஒரு குழந்தை இறந்தது. பிறகு இரண்டு கண்ணாடிப் பட்டைகளை ஒரு ஓரம் சேர்த்து, மறு ஓரம் மூன்று மில்லிமீட்டர் விலக்கி ஒட்டி, எடை போட்டுக் கரைத்த மஞ்சள் நீரை ஊற்றி, தவறு வில்லையில் இருக்கிறது என்றும் அதைச் செய்தது தான் என்றும் காட்டினார்.